பிறர் எழுதிய கதையைக் கேள்வி கேட்டவர்: பேராசிரியர் எட்வர்ட் ஸயீத்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை எழுத முன்வந்திருக்கிறோம். அவர் தமிழர் அல்லர், முஸ்லிமும் அல்லர். பைத்துல் முகத்தஸ் அமைந்திருக்கும் ஜெருசலம் நகரில் ஒரு பாலஸ்தீனக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, எகிப்தில் வளர்ந்து, அமெரிக்காவில் 40 ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்து, 2003ஆம் ஆண்டு நியூயார்க்கில் மறைந்தவர். எட்வர்ட் ஸயீத் என்பது அவர் பெயர்.

அரபியரையும் முஸ்லிம்களையும் உலகத்துக்குக் காட்டுகிறவர்கள் யார், அப்படிக் காட்டும் அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாமல் கேட்டவர் அவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிறுபான்மையினராக வாழும் நம் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமானதன்று. ஆகவேதான் அவரை இம்மலரில் நினைவுகூர்கிறோம்.

பெயரிலேயே இரண்டு உலகங்கள்

1935ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், ஜெருசலத்தின் மேற்குப் பகுதியான தல்பியாவில் இருந்த குடும்ப வீட்டில் ஸயீத் பிறந்தார். தந்தை வதீ ஸயீத் கெய்ரோவில் எழுதுபொருள்களும் அலுவலகச் சாதனங்களும் விற்கும் பெரிய வணிகர். இளம் வயதில் அமெரிக்கா சென்று, முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படையில் சேவையாற்றிக் குடியுரிமை பெற்றுத் திரும்பியவர். தாயார் ஹில்டா நாசரேத் ஊரைச் சேர்ந்தவர். தம்பதியரின் முதல் ஆண் குழந்தை கெய்ரோ மருத்துவமனையில் பிறந்த சில நாட்களில் இறந்துவிட்டது. அடுத்த பிரசவமாவது சொந்த மண்ணில், சொந்தங்களுக்கு நடுவே நடக்கட்டும் என்று ஜெருசலம் வந்தார்கள். ஸயீதுக்குப் பின் நான்கு தங்கைகள் பிறந்தனர்.

அப்போதைய இங்கிலாந்து இளவரசரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். முன்னே ஆங்கிலப் பெயர், பின்னே அரபுப் பெயர். வீட்டில் இரு மொழிகளும் கலந்தே ஒலித்தன. தம் முதல் மொழி எது என்று அவரால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், கடைத்தெருவில் மலாயும், மதரஸாவில் அரபு எழுத்துமாக வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த நிலை எளிதில் விளங்கும்.

கெய்ரோவில் அவர் படித்த விக்டோரியா கல்லூரி பிரித்தானியர் நடத்திய பள்ளி. மாணவர்களில் பெரும்பாலோர் அரபு பேசும் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பள்ளிக்குள் அரபு பேசினால் தண்டனை. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடிகர் உமர் ஷரீப் அப்போது அங்கே மூத்த மாணவர். தாய்மொழியைப் பேசுவதே குற்றமாகும் இடத்தில், மாணவர்கள் அரபையே எதிர்ப்பின் ஆயுதமாக்கிக் கொண்டார்கள். அடங்காத மாணவன் என்று 1951இல் ஸயீத் அங்கிருந்து நீக்கப்பட்டார். தந்தை அவரை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 15.

இழந்த ஊர்

இதற்கிடையில் ஊர் கைவிட்டுப் போயிருந்தது. 1947இன் இறுதியில் ஸயீதின் பெற்றோர் பிள்ளைகளுடன் ஜெருசலத்திலிருந்து கெய்ரோ திரும்பினார்கள். சில மாதங்களுக்குள், 1948இல், அவருடைய உறவினர்கள் அனைவரும் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்த அந்தப் பேரழிவை அரபு மக்கள் நக்பா என்று அழைக்கிறார்கள்.

செல்வந்தர் வீட்டுப் பிள்ளையான ஸயீத் கூடாரத்தில் வாழவில்லை. ரேஷன் வரிசையில் நிற்கவில்லை. இதை அவர் ஒருபோதும் மறைத்ததுமில்லை. ஆனால் தந்தையின் சகோதரியான நபீஹா மாமி, கெய்ரோ வந்து சேர்ந்த அகதிகளுக்காகத் தினமும் அலைந்ததைச் சிறுவனாக அருகிருந்து பார்த்தார். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வேலை அனுமதி, மற்றொருவரின் பிள்ளைக்குப் பள்ளி இடம் என்று அந்த அம்மையார் தனியொருவராக உழைத்தார். வீட்டில் பெரியவர்கள் அரசியல் பேசவில்லை. பாலஸ்தீனம் என்றால் என்ன என்பதை மாமியின் வீட்டு வாசலில் காத்திருந்த முகங்களிலிருந்தே அவர் முதலில் கற்றார்.

ஆங்கிலப் பேராசிரியர்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1957இல் பட்டம் பெற்று, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1963இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்து, இறக்கும்வரை அங்கேயே கற்பித்தார். பலர் நினைப்பதுபோல் அவர் அங்கே மத்திய கிழக்கு அரசியல் கற்பிக்கவில்லை. நாவல், ஒப்பிலக்கியம், இலக்கியத் திறனாய்வு ஆகியவையே அவர் பாடங்கள்.

அவருடைய ஆய்வுப் பொருள் ஜோசப் கான்ராட். போலந்துக்காரராகப் பிறந்து, மாலுமியாகி, ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்று அதிலேயே பெரும் நாவலாசிரியரானவர். 1880களில் நம் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் கப்பல் ஏறி இறங்கியவர். ஊரையும் மொழியையும் விட்டுப் பிரிந்த அந்த மனிதரிடம் ஸயீத் தம்மையே கண்டார் எனலாம். 1966இல் வெளிவந்த அவரது முதல் நூல் கான்ராடைப் பற்றியதுதான்.

இவ்விடத்தில் நம் பகுதியோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1880ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு வழியாக 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு சென்ற ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல், கடும் புயலில் சிக்கியது. கேப்டனும் வெள்ளை அதிகாரிகளும் பயணிகளை நடுக்கடலில் கைவிட்டுப் படகில் தப்பினார்கள். ஏடன் போய்ச் சேர்ந்து, கப்பல் மூழ்கிவிட்டதாகவும் அறிவித்தார்கள். ஆனால் பயணிகள் தண்ணீரை இறைத்துக் கப்பலைக் காத்தார்கள். வழியில் வந்த மற்றொரு கப்பல் அதை ஏடனுக்கு இழுத்து வந்தது. இந்த நிகழ்ச்சியை வைத்தே கான்ராட் 1900இல் ‘லார்ட் ஜிம்’ என்னும் நாவலை எழுதினார். தப்பி ஓடிய ஓர் இளம் அதிகாரியின் மனவேதனையே அதன் கதை. கப்பலில் விடப்பட்ட ஹாஜிகளோ பெரும்பாலும் பெயரில்லாத கூட்டமாகவே வந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதியிருந்தால் கதை எப்படி இருந்திருக்கும்? நாவல்களை ஸயீத் எப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட உதாரணம் இது.

‘ஓரியண்டலிசம்’

1967 ஜூன் போர் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஆறே நாட்களில் மேற்குக் கரை, காஸா, கிழக்கு ஜெருசலம், சினாய், கோலான் அனைத்தும் இஸ்ரேல் வசமாயின. அதுவரை அமெரிக்கப் பல்கலைக்கழக வாழ்வில் ஆங்கிலப் பேராசிரியராக மட்டும் இருந்தவர், தாம் அரபியர் என்பதையும் அரபியர் அந்நாட்டுப் பத்திரிகைகளில் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதையும் கூர்ந்து நோக்கத் தொடங்கினார். 1970இல் லெபனான் நாட்டைச் சேர்ந்த மர்யம் கோர்ட்டாஸை மணந்தார். வதீ, நஜ்லா என இரு மக்கள். 1972இல் விடுமுறை ஆண்டைப் பெய்ரூத்தில் கழித்தபோது, சிறுவயதில் முறையாகக் கற்க முடியாமற்போன இலக்கிய அரபை ஓர் ஆசிரியரிடம் அமர்ந்து மீண்டும் படித்தார். பேராசிரியரான பின்பும் மாணவராக உட்கார அவர் தயங்கவில்லை.

1978இல் ‘ஓரியண்டலிசம்’ வெளிவந்தது. கீழை நாடுகளைப் பற்றி ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக எழுதிய ஆய்வுகள், பயண நூல்கள், கவிதைகள், அரசாங்க அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் படித்து, அவற்றுக்கும் ஆட்சிக்கும் இருந்த உறவை அந்நூல் எடுத்துக்காட்டியது. 1798இல் நெப்போலியன் எகிப்தின்மேல் படையெடுத்தபோது படைவீரர்களோடு அறிஞர் குழுவும் சென்றது. நாட்டைப் பிடிப்பதும் நாட்டைப் பற்றி எழுதுவதும் ஒரே பயணத்தில் நடந்தன. 1910இல் ஆர்தர் பால்ஃபர் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எகிப்தைப் பற்றிப் பேசினார். எகிப்தை நாம் அறிந்திருக்கிறோம், ஆகவே ஆள்கிறோம் என்னும் தோரணையில் அமைந்த அந்த உரையை ஸயீத் தம் நூலின் தொடக்கத்திலேயே ஆராய்கிறார்.

அதே பால்ஃபர்தான் 1917இல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க ஆதரவு அளிக்கும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அன்று அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையினர் அரபியர். பிரகடனத்தில் அவர்கள் பெயர் இல்லை. யூதரல்லாதவர்கள் என்ற வகையிலேயே குறிக்கப்பட்டார்கள். பெயரைச் சொல்லாமல் விடுவதும் ஓர் ஆட்சி முறைதான் என்பது இதிலிருந்து விளங்கும்.

நூலுக்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. பெர்னார்ட் லூயிஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிட்டார்கள். காலனி ஆட்சியில் பங்கில்லாத ஜெர்மானிய அறிஞர்களை ஸயீத் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்ற குறையும் சொல்லப்பட்டது. ஆயினும் அந்நூலுக்குப் பின், கீழை நாடுகளைப் பற்றி எழுதும் எவரும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்து, 1981இல் ‘கவரிங் இஸ்லாம்’ வந்தது. ‘கவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் செய்தி திரட்டுதல் என்றும் மூடி மறைத்தல் என்றும் இரு பொருள். ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாக இருந்த காலத்தில், பல நாடுகளில் பல மொழி பேசும் கோடிக்கணக்கான மக்களின் மார்க்கம் ஒரே கோபமுகமாகத் தொலைக்காட்சியில் சுருக்கப்பட்டதை அந்நூல் ஆராய்ந்தது. 1995இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் மாண்டபோது, முதல் சந்தேகம் மத்திய கிழக்கினர் மேல்தான் விழுந்தது. பிடிபட்டவரோ அமெரிக்காவிலேயே பிறந்த ஒரு முன்னாள் படைவீரர். ஸயீத் எழுதியது எவ்வளவு உண்மை என்பதை அந்த நாட்களின் செய்திகளே மெய்ப்பித்தன. முஸ்லிம் அல்லாத ஒருவர், அந்த மார்க்கத்துக்கு வக்கீலாக நிற்காமல், நியாயத்தின் பக்கம் நின்று இதைச் செய்தார்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல்

‘ஓரியண்டலிசம்’ வருவதற்கு ஓராண்டு முன், 1977இல், இங்கிருந்தே ஒரு நூல் எழுந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் சையத் ஹுசைன் அலத்தாஸ் எழுதிய ‘தி மித் ஆப் தி லேஸி நேட்டிவ்’ அது. மலாய், ஜாவா, பிலிப்பீன்ஸ் மக்களைச் சோம்பேறிகள் என்று காலனி ஆட்சியாளர்கள் எழுதிவைத்ததன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். தமக்கென நிலமும் வயலும் மீன்பிடியும் இருந்த மக்கள், தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் குறைந்த கூலிக்கு வர மறுத்தார்கள். அந்த மறுப்புக்கே சோம்பல் என்று பெயர் சூட்டப்பட்டது. அவர்கள் வராத இடத்துக்குக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அவர்களுக்கோ பணிந்து போகிறவர்கள் என்று பெயர். வேலைக்கு வராதவன் சோம்பேறி, வந்தவன் அடங்கியவன். இரண்டு பெயரையும் வைத்தவர் ஒருவரே.

1993இல் வெளிவந்த ‘கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்’ நூலில் ஸயீத், அலத்தாஸின் நூலை எடுத்து விரிவாகப் பாராட்டி ஆராய்ந்தார். காலனி நாட்டு அறிஞர்கள் ஆட்சியாளரின் ஆவணங்களையே கையில் எடுத்து அவருக்குப் பதில் சொல்வதற்கு அதை ஒரு சான்றாகக் காட்டினார். நியூயார்க்கில் இருந்த பாலஸ்தீனரும் சிங்கப்பூரில் இருந்த அறிஞரும் ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்டிருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அதே நூலில் ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ நாவலையும் அவர் எடுத்துக்கொண்டார். அக்கதையில் வரும் அமைதியான ஆங்கில மாளிகையின் வருமானம், ஆன்டிகுவா தீவில் அடிமைகள் உழைத்த தோட்டத்திலிருந்து வந்தது. நாவல் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஸயீத் அங்கேயே நின்று பார்த்தார். அதற்காக ஆஸ்டினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்த நாவலை அவர் நேசித்தார். ஒரு நூலை நேசித்துக்கொண்டே அதைக் கேள்வி கேட்கலாம் என்பது அவர் காட்டிய வழி.

தம்மவரிடமும் அதே கேள்வி

ஸயீத் 1977 முதல் 1991 வரை பாலஸ்தீன தேசிய சபையில் உறுப்பினராக இருந்தார். 1988இல் அல்ஜியர்ஸ் நகரில் அறிவிக்கப்பட்ட பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தைக் கவிஞர் மஹ்மூத் தர்வேஷ் அரபில் எழுத, ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தவர் ஸயீத். இதற்கெல்லாம் அவர் விலை கொடுத்தார். மிரட்டல்கள் வந்தன, 1985இல் கொலம்பியாவில் இருந்த அவர் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது.

எதிர்த் தரப்பைக் கேள்வி கேட்பது எளிது, கைதட்டல் கிடைக்கும். 1993இல் ஓஸ்லோ உடன்பாடு கையெழுத்தானபோது உலகமே கைதட்டியது. அகதிகள் திரும்பும் உரிமை, ஜெருசலம், குடியேற்றங்கள் ஆகிய எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்ட உடன்பாடு அது என்று ஸயீத் எழுதினார். யாசிர் அரஃபாத்தின் தலைமையையும், அதில் வளர்ந்த ஊழலையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். விளைவாக, 1996இல் பாலஸ்தீன நிர்வாகமே அவர் நூல்களைத் தன் பகுதியில் தடை செய்தது. எந்த மக்களுக்காக எழுதினாரோ அவர்களின் கடைகளிலேயே அவர் நூல் விற்கக் கூடாது என்றானது.

ஐரோப்பாவில் யூதர்களுக்கு நேர்ந்த பேரழிவை மறுப்பதோ குறைத்துச் சொல்வதோ கூடாது என்றும் அரபு வாசகர்களிடம் அவர் வலியுறுத்தினார். தம் துயரை உலகம் கேட்க வேண்டும் என்பவர் பிறர் துயரையும் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. இறுதி ஆண்டுகளில், இரு மக்களும் சம உரிமையோடு ஒரே நாட்டில் வாழ்வதே நிலையான தீர்வு என்று எழுதினார். இரு பக்கத்திலும் இதை ஏற்காதவர்கள் பலர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசி ஆண்டுகள்

1991இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. மறு ஆண்டு, மனைவி மக்களோடு பாலஸ்தீனம் சென்றார். தல்பியாவில் தாம் பிறந்த வீட்டின் முன்னே நின்று பிள்ளைகளுக்குக் காட்டினார். உள்ளே போக அவர் மனம் ஒப்பவில்லை. 1994இல், சிகிச்சைக்கிடையே, தம் இளமைக்கால வரலாற்றை எழுதத் தொடங்கினார். மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமான ஐந்து ஆண்டுகளில் எழுதி முடித்த அந்நூல் 1999இல் ‘அவுட் ஆப் பிளேஸ்’ என்ற பெயரில் வந்தது. அதை மனைவிக்கும், தமக்குச் சிகிச்சையளித்த இந்திய வம்சாவளி மருத்துவர் காந்தி ராய் அவர்களுக்கும் காணிக்கையாக்கினார்.

நன்றாகப் பியானோ வாசிக்கத் தெரிந்தவர் ஸயீத். அதே 1999இல், இஸ்ரேலில் வளர்ந்த இசைக்கலைஞர் டேனியல் பாரன்பாயிமுடன் சேர்ந்து, அரபு இளைஞர்களும் இஸ்ரேலிய இளைஞர்களும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் இசைக்குழுவை ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கினார். அது அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

2003 செப்டம்பர் 25ஆம் நாள் தமது 67ஆம் வயதில் மறைந்தார். அவரது அஸ்தி மனைவியின் நாடான லெபனானில், பிரும்மானா என்னும் மலையூரில் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த ஊரில் அவருக்கு இடம் அமையவில்லை.

நமக்கு விட்டுச் சென்றது

நம் முன்னோர் இம்மண்ணுக்கு வந்து பல தலைமுறைகள் ஆயின. பழைய காலனிய எழுத்துகளில் அவர்கள் சூலியா என்றும் கிளிங் என்றும் ஒரு சொல்லில் அடக்கப்பட்டிருக்கிறார்கள். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் எந்தக் கடனை அடைக்க வந்தார்கள், யாரை விட்டு வந்தார்கள், ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் எத்தனை நாள் படுத்து வந்தார்கள் என்பதை அந்தப் பதிவேடுகள் சொல்லா. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். நம் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டால்தான் அது மிஞ்சும்.

அப்படி எழுதும்போது, ஸயீத் தம்மவரிடம் கேட்ட கேள்வியும் கூடவே வர வேண்டும். சங்கத்தின் தலைவர்களும் செயலாளர்களும் படத்தோடு இம்மலரில் இடம்பெறுவார்கள், அது முறையே. நோன்புக் கஞ்சிக்குப் பெரிய தேக்சாவைக் கிண்டியவர்கள், மையித்துக்கு ஓடிவந்து உதவியவர்கள், பெயர் போடாமல் நன்கொடை தந்தவர்கள், பின்கட்டில் இருந்தே ஐம்பது ஆண்டுகள் இச்சங்கத்தைத் தாங்கிய நம் பெண்மக்கள் ஆகியோரின் பெயர்களும் ஏட்டில் ஏற வேண்டும். பிறர் நம்மைப் பெயரில்லாத கூட்டமாக எழுதினார்கள் என்று வருந்தும் நாம், நமக்குள் எவரையும் பெயரில்லாத கூட்டமாக விட்டுவிடலாகாது.

சங்கத்தின் நூறாம் ஆண்டு மலரை நம் பேரப்பிள்ளைகள் தயாரிப்பார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்கள் தேடிப் பார்க்கும்போது கையில் கிடைக்கும் அளவுக்கு நாம் இன்று எழுதி வைப்போமாக.